பச்சை எரிந்தால் அக்காவுக்குக் கேட்கும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அத்தானும் பிள்ளைகளும் சுகம். நீயும் உன் மனைவியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், போனைத்தான் நீ எடுப்பதில்லையே. நீ மீட்டிங்கில் இருப்பதாக உன் மனைவி சொன்னாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பின்னாலேயே உன் இருமல் கேட்டது. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. பெரியவள் கண்ணாடி போட்டுக்கொண்டு உன்னை உரித்து வைத்த மாதிரி இருக்கிறாள். எனக்குத் தையல் வேலை குவிகிறது, மாடியில் மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லை. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. வாதம் வந்ததில் தப்பிய இடது கை நன்றாக அசைகிறது. பேச்சு இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் காது கூர்மை, புத்தி தெளிவு. இப்போது அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

நீ செய்து அனுப்பிய அழைப்பு மணியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது வந்த நாளில் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கையிலிருந்த பொத்தானைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். அதை அழுத்தினால் சமையலறையில் மாட்டிய மணி மாடிவரை கேட்கும். உன் அத்தான்கூட, விஞ்ஞானி பரவாயில்லையே என்றார். பொத்தானுக்குள் இருப்பது பழைய லேப்டாப்பை உடைத்து எடுத்த லித்தியம் பேட்டரி செல், ஆனாலும் சூப்பர் செல் என்று நீ வீடியோவில் பெருமை அடித்துக்கொண்டாய். சிவப்பு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிரம்பிவிட்டது என்று எனக்குச் சொன்னாய். அப்பாவிடம், "பச்சை எரிஞ்சா போதும்பா, நீங்க அழுத்தினா அக்காவுக்குக் கேக்கும்" என்றாய். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

நான் தினமும் காலையில் அவரைத் துடைத்துவிடும்போது பொத்தானைச் சார்ஜில் போடுவேன். ஆரம்பத்தில் சிவப்பு வெகுநேரம் எரியும். பிறகு ஒருநாள் செருகினேன், உடனே பச்சை. மறுநாளும் அப்படியே. என் தம்பி செய்தது எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்று பூரித்துப்போய் உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். நினைவிருக்கிறதா? நீ ஒரு சிரிப்புப் பொம்மையும் கட்டைவிரலும் பதில் அனுப்பினாய்.

அதற்குப் பிறகு மணி அடிக்கவே இல்லை. அப்பா இப்போதெல்லாம் தொந்தரவே பண்ணுவதில்லை என்று உன் அத்தான் மெச்சிக்கொண்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கி வந்தால் படுக்கை நனைந்து கிடக்கும். ஒருநாள் தண்ணீர்ச் சொம்பு கீழே கவிழ்ந்து, உதடு வெடித்துக் கிடந்தார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, தம்பி. "மணி அடிச்சா என்ன, கை வலிக்குதா?" என்று அவரைக் கேட்டேன். ஒருமுறை இல்லை, பலமுறை கேட்டேன். மெத்தையை மாற்றிக்கொண்டே, முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டேன்.

கடைசியில் அவர் அந்தப் பொத்தானை என் மேல் வீசினார். அதைப் பொறுக்கி எடுத்து நானே அழுத்தினேன். சமையலறையில் சத்தமே இல்லை.

உனக்குப் போன் செய்தேன். மூடியைக் கழற்றச் சொன்னாய், மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க நீ அனுப்பிய மீட்டரின் முனைகளை எங்கெங்கே வைப்பது என்று சொல்லிக் கொடுத்தாய். செல்லில் சார்ஜ் இருந்தது. அதிலிருந்து சார்ஜ் ஏற்றும் போர்டுக்குப் போகும் வயர், நீ ஈயம் உருக்கி ஒட்டிய இடத்திலேயே விட்டுப்போயிருந்தது. அப்புறம் ஏன் பச்சை எரிந்தது என்று கேட்டேன். "அந்த போர்டு அப்படித்தான்க்கா. நிரம்பினாலும் பச்சை, வயர் விட்டுப்போய் செல்லே இல்லாட்டியும் பச்சை. எல்லாருக்கும் தெரியும்" என்றாய். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? எனக்கா, வாய் பேச முடியாமல் படுத்திருக்கிற மனுஷனுக்கா? அழுத்தும்போது எரியும் சின்ன விளக்கு ஒன்று இருந்ததாம், பேட்டரி வீணாகும் என்று அதையும் நீ பிடுங்கிவிட்டாயாம். செருகியதும் பச்சை என்று நான் சொன்னபோதே உனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாய்.

அப்பாவிடம் மணி கெட்டுப்போயிருந்தது என்று சொன்னேன். வயரைக் காட்டினேன், அழுதும் சொன்னேன். அவர் அந்த விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தினமும் பச்சை எரிந்ததை அவரும்தானே பார்த்தார். பச்சை எரிந்தால் எனக்குக் கேட்கும் என்று மகன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் கேட்டும் நான் வரவில்லை. அவர் கணக்கு அவ்வளவுதான்.

அதனால்தான் நீயே அவரிடம் சொல் என்று உன்னைக் கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய் என்பதை மறக்காமல் இருப்பதற்காக இங்கே எழுதிவைக்கிறேன். "வேண்டாம்க்கா, அந்த மணி ஒண்ணை வெச்சுத்தான் அப்பா என்னை நினைச்சுச் சந்தோஷப்படுறார், அதைக் கெடுக்காதே" என்றாய். நான் கூடவே இருப்பதால் கொஞ்ச நாளில் என் மேல் கோபம் தணிந்துவிடும் என்றாய். அதற்குப் பிறகுதான் நீ போனை எடுப்பதில்லை.

கோபம் தணியவில்லை, தம்பி. என் கையால் ஊட்டினால் வாய் திறப்பதில்லை. உன் அத்தான் ஊட்டினால் கொஞ்சம் இறங்குகிறது, அவர் வேலைக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே போனால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்கிறார். வயரை ஒட்டி மணியைச் சரிசெய்தாகிவிட்டது. அவர் அதைத் தொடுவதில்லை. தையல் மெஷினைக் கீழே இறக்கி அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

இதோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து அவருக்குத் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். 'மணி அடிக்கவில்லை, அக்காவுக்குக் கேட்கவில்லை, தவறு என்னுடையது' என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. உன் மேல் கோபப்பட்டாலும் நீ பட்டினி கிடக்கப் போவதில்லை. எனக்கு அவர் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

சீக்கிரம் எழுது. தாள் வெறுமையாகவே திரும்பி வந்தாலும் அவர் முன்னால்தான் பிரிப்பேன்.

நீ நன்றாக இரு. தீர்க்காயுசாக இரு. உனக்கும் வயதாகி, ஒரு கட்டிலில் படுத்து, ஒரு வாய்த் தண்ணீருக்கு நீ கூப்பிடும்போது, கேட்கிற தூரத்தில் யாராவது இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா