சேதி கொண்டுவந்தவள்

கரியாலூர்
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நம் சாமி கரிராமன் புண்ணியத்தில் நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே மழை விட்டும் பனி விடவில்லை, பால்வாடிக்கு வரும் பிள்ளைகள் எல்லாம் மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிறார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி கம்மி, வாய்தான் கம்மியாகவில்லை, மரவள்ளிக் காட்டில் பன்றி புகுந்து கிழங்கைத் தோண்டிப் போட்டதற்கு என்னைத் திட்டுகிறார், நான்தான் அதைக் கூப்பிட்டு விருந்து வைத்த மாதிரி. சனி ஞாயிறு ஆனால் அருவிக்கு வருகிற கார்கள் நம் வீட்டு வரைக்கும் நிற்கின்றன, நடக்க வழியில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன வாரம் பேசும்போது பாதியில் லைன் போனதே, டவர் போகவில்லை கண்ணு, நான்தான் வைத்துவிட்டேன். நீ அங்கே தனியாக அழுதால் கையைப் பிடித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், எழுதினால் நிதானமாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

முதலில் போனபோது ஒரு வருஷம்தான் என்றாய். வகுப்புக்குப் போய்க் கட்டுரை எழுதிப் பட்டமும் வாங்கினாய், கறுப்பு அங்கி போட்ட போட்டோவை மாட்டி வைத்தோம், பிள்ளை வந்துவிடுவாள் என்று இருந்தால் அது பாடம் படித்து வாங்குகிற பட்டம்மா, ஆராய்ச்சி செய்து வாங்குவது வேறே என்றாய். அம்மாடி, அதற்கு எத்தனை சட்டம். முதல் வருஷக் கடைசியில் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து இதைச் செய்யத் தகுதி இருக்கிறது என்று காட்ட வேண்டும், ஜனங்களிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும், பேசினவர்கள் பேரை மாற்றிப் போட வேண்டும், எழுதியதை அவர்களுக்கே திருப்பிப் படித்துக் காட்டி அவர்கள் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும், கெடுவுக்குள் புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் வெளியிலிருந்து ஒருவர் வந்து குடைந்து குடைந்து கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் மேலே இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒன்று அதில் இருக்க வேண்டும் என்றாய். இன்னாடி இது, பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்ளோ கேக்க மாட்டாங்க போலிருக்கே என்று அப்பா சொல்லி நாம் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா. அந்தச் சட்டங்களில் படித்துக் காட்ட வேண்டும் என்பது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, நம் ஜனத்தை யாராவது மதித்துக் கேட்கிறார்களே என்று.

ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்டக் கூட்டிக்கொண்டு போன ஆம்பளைகளின் வீட்டுப் பெண்களைப் பற்றி நீ எழுதினதைத் தமிழில் சுருக்கி அனுப்பினாயே, அதை ஒன்றுவிட்ட சித்தி மகள் சுபஸ்ரீ கச்சிராயபாளையம் போய் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தாள். நீ சொன்னபடியே வீடு வீடாகப் போய் அவரவர் பங்கைப் படித்தேன். கடைசியில் என் தங்கை வீடு. பெருமாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்காமலே படிக்கா என்றாள். அவளுக்கு நீ குஞ்சம்மாள் என்று பேர் போட்டிருந்தாய், அது யாருக்கா எனக்குச் சக்களத்தி மாதிரி என்று சிரித்தாள். போன வருஷம் நீ வந்து உட்கார்ந்து கேட்டபோது அவள் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது, ஏஜெண்டு வந்து அட்வான்ஸ் கொடுத்தது, அவள் புருஷன் செல்லன் விடியற்காலையில் வண்டி ஏறியது, கூடப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து போலீஸைக் கண்டு இருட்டில் சிதறி ஓடினோம் செல்லன் எந்தப் பக்கம் ஓடினான் என்று தெரியாது என்று சொன்னது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். அதற்கு அடுத்து நீ பிரித்துப் போட்டிருந்தாய், புருஷன் திரும்பி வந்த பெண்கள், புருஷன் ஜெயிலில் இருக்கும் பெண்கள், குஞ்சம்மாளைப் போன்ற விதவைகள் என்று. நான் வாசித்துவிட்டேன். என்ன வாசித்தேன் என்று எனக்கு உறைக்கும் முன்னால் அவளுக்கு உறைத்துவிட்டது.

அழவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, பாப்பாவுக்கு எப்பக்கா சேதி தெரிஞ்சுது என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததா, காணாமல் போனவருக்குச் சாவுச் சேதி வராமல் கருமாதி கிடையாது, பெண்சாதி பூவும் பொட்டுமாகத்தான் இருப்பாள், இத்தனை பொங்கலுக்கும் அவருக்கு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டுதானே இருந்தாள். நீ எழுதியதைச் சேதி என்று எடுத்துக்கொண்டாள். இல்லடி பெருமாயி, அது கணக்குக்குப் பிரிச்சுப் போட்டது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். இன்னாக்கா, என் மனசு நோவும்னு மறைக்கிற, அவ்ளோ தூரம் போயி கேட்டுக்கினு படிச்சிக்கினு இருக்கிற பொண்ணு தெரியாமயா எழுதும் என்கிறாள். ஊர்க்கவுண்டரும் வந்து விசாரித்துவிட்டு, எழுத்துல குடுத்துட்டா, இன்னும் இன்னா வேணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா நான் சொல்வது செல்லாது, சீமையிலிருந்து வந்த பேப்பர் செல்லும்.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் போட்டு ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். ஏழு வருஷம் ஆள் வராவிட்டால் இறந்ததாக வைத்துக்கொள்ளச் சட்டமே இருக்கிறதும்மா, சித்தியை வேறு எந்தக் கட்டத்தில் சேர்ப்பாய் என்று கைடு கேட்டார் என்று சொன்னாய். அவர் மேலேயும் குற்றமில்லை, அவருக்குப் பெருமாயி யார். ஆனால் உனக்குச் சித்தி. யாரும் சொல்லாததைச் சொல்ல வேண்டும் என்றாயே, சொல்லிவிட்டாய்டி, இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் ஒரு வாயிலும் வராத வார்த்தை அது. இதைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துதான் போனை வைத்தேன். இப்போது எழுதியும்விட்டேன், கோபம் வந்தால் அம்மாதானே என்று பொறுத்துக்கொள்.

சித்தி நெற்றியில் இப்போது பொட்டு இல்லை. தாலி இருக்கிறது, சேதி கொண்டுவந்தவர் நேரில் வந்து வாய்திறந்து சொன்ன பிறகுதான் அதைக் கழற்றிக் கருமாதி செய்வது. அது முடியும்வரை காட்டில் இறங்கக்கூடாது என்று வீட்டோடு இருக்கிறாள், மீதிச் சாமையை நானும் சுபஸ்ரீயும்தான் அறுத்துப் போட்டோம். சாப்பிடுகிறாள். தூங்கவும் தூங்குகிறாள். முன்னெல்லாம் செல்லன் வந்தால் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் படுப்பாள், எத்தனை திட்டியிருக்கிறேன். இப்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அயர்ந்து தூங்குகிறாள். எனக்குத்தான் தூக்கம் இல்லை. அப்படியே வுடு, பொண்ணு வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த மனுஷிக்கு ஒரு முடிவு கெடைக்கட்டும் என்கிறார் அப்பா. ஒரு நாள் எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. மறுநாள், செல்லன் உயிரோடு எங்கேயாவது ஜெயிலில் கிடந்து ஒரு நாள் வந்து நின்றால் என்ன செய்வது என்று திக்கென்கிறது. நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கே தெரியவில்லை.

தை மாதம் உன் கெடு. எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வா என்று சொல்ல மனசு வரவில்லை, வராதே என்று சொல்லவும் முடியவில்லை. அந்த வார்த்தையை மாற்றுவதா, சித்தி பங்கையே எடுத்துவிடுவதா, எடுத்தால் மறுபடி யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அதையெல்லாம் கைடிடம் மறைக்காமல் சொல்லிக் கேள். என்னால அவ படிப்பு கெட்டுடப் போவுது, நான் சொன்னதுல ஒண்ணையும் எடுக்க வாணாம்னு எழுதுக்கா என்று சித்திக்கு அந்தக் கவலை வேறு. நீயும் இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடந்து உன்னையே வைதுகொண்டு இருக்காதே, கேட்கிறாயா, ஒரு வாய் கஞ்சியாவது காய்ச்சிக் குடி.

நேற்று சாயங்காலம் சித்தி வந்தாள். கடிதம் எழுதப்போகிறேன் என்றதும் என்னுது ஒரு வார்த்தை போடு என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். பாப்பா, நீ பரிட்சை முடிச்சிக்கினே வா, நான் எங்க போவப் போறேன், வந்து எந்த எடம்னு மட்டும் சொல்லு, பக்கத்துல தண்ணி இருந்துச்சா, நெழலு இருந்துச்சா, ஆராவது மண்ணு தள்ளினாங்களா, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன் என்றாள். சொன்னபடியே எழுதியிருக்கிறேன். உனக்கு அந்த இடம் தெரியாது என்று அவளிடம் மறுபடி சொல்ல என்னால் முடியவில்லை.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், எடுத்த காரியம் நல்லபடி முடிய வேண்டும், கரிராமனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம். ஒன்றை மறக்காதே, எப்போது வருகிறாய் என்று எனக்கு மட்டும் சொல். சித்திக்குத் தேதி தெரிந்தால் இன்றிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இன்னொரு தடவை அவள் அப்படி உட்கார்ந்திருப்பதை நான் பார்க்க மாட்டேன் கண்ணு.

உன் அம்மா
வளர்மதி