ஏரோதின் அக்கா

டிசம்பர் 16

ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொண்டு அது கிழிகிற வரைக்கும் போகாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். பிரசவ வார்டு விரிப்பு முழுவதையும் கொதிக்கிற தொட்டியில் போட்டுவிட்டாள். கஞ்சி வந்து எட்டிப் பார்த்து, "விடு, பூப்போட்ட துணின்னு சொல்லிக்கலாம்" என்றாள். கஞ்சி என்பது பட்டப்பெயர். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போடுகிறவள். எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி.

வீட்டுக்கு வந்தால், தம்பி பரணிலிருந்து கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்பை இறக்கி வைத்திருக்கிறான். எங்கள் பங்குக் கோவிலில் வருடா வருடம் அவன்தான் தாத்தா. டயர் கடையில் இரும்புப் பட்டையால் லாரி டயரை நெம்பிக் கழற்றுகிற கை, அன்றைக்கு மட்டும் மிட்டாய் கொடுக்கும். "உங்க தம்பி மாதிரி தங்கமான ஆளப் பாக்க முடியுமா?" என்று கோவிலில் எத்தனை பேர் என்னிடம் கேட்டாயிற்று. தங்கம்தான். உரசிப் பார்த்தவள் அவன் பெண்டாட்டி.

அவள் கதவோரம் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் நான்கு விரல் தடம். நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 20

மூன்று பேரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் குடில் கட்டினோம். அடி இல்லை.

டிசம்பர் 24



மத்தியானம் சிவப்பு அங்கியை மாட்டி, தாடியைக் கட்டிக்கொண்டு குழந்தையின் மேல் குனிந்தான். எட்டு மாதப் பிஞ்சு. தாடியைப் பார்த்து வீரிட்டது. அவன் மனைவி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. சிரித்தாள்.

பூட்ஸ் காலால் வயிற்றில் உதைத்தான். சுருண்டு விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி, முகத்தைக் கதவு நிலையில் மோதினான். ஒரு தடவை இல்லை. "சிரிக்கிறியா? என் வீட்டுல இருந்துக்கிட்டு என்னையே பாத்து சிரிக்கிறியா?" நான் அவன் முதுகில் தொங்கினேன். தாடி என் கையோடு வந்து, எலாஸ்டிக் சுருக்கென்று திரும்பி அவன் மூக்கில் அடித்தது. அந்த நேரத்திலும் எனக்கு அது தெரிந்திருக்கிறது பார். முழங்கையால் என் நெஞ்சில் இடித்துத் தள்ளினான்.

பிறகு கண்ணாடி முன் நின்று தாடியைச் சரிசெய்தான். மிட்டாய்ப் பையைத் தோளில் போட்டான். தெருமுனை வரைக்கும் மணி ஆட்டிக்கொண்டு போன சத்தம் கேட்டது.

அவள் பல் ஒன்றைக் காணவில்லை. தேடினேன். குடிலில், வைக்கோலுக்குள், மாட்டுச் சுரூபத்தின் காலடியில் கிடந்தது.

டிசம்பர் 25

பூசைக்குப் போனோம். அவள் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துப் போட்டிருந்தாள். "வாசப்படியில வழுக்கிட்டா" என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். சொல்லும்போது அவள் தோளைத் தடவிக் கொடுத்தான். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பாட்டில் அவன் குரல்தான் ஓங்கி ஒலித்தது.

குழந்தை இயேசுவின் பாதத்தை முத்தமிட என் முறை வந்தது. நான் வேண்டிக்கொண்டதை அப்படியே எழுதுகிறேன், நாளைக்கு மாற்றிச் சொல்லக்கூடாது. ஆண்டவரே, நீர் பிறந்தது இருக்கட்டும். அவன் வலது கையை முறித்துப் போடும். டயர் வெடித்தாலும் சரி, வண்டி ஏறினாலும் சரி. முறித்துப் போடும்.

அமைதியின் திருநாளில் இப்படி ஒரு செபமா? ஆமாம், இப்படித்தான்.

சாயங்காலம் அந்த அங்கியைத் துவைத்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். துணியில் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீரில் தெரிந்தது. பின்னால் வந்து நின்று, "சாயம் போகுதுக்கா" என்றான். சாயமாம்!

டிசம்பர் 27

குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ஓயாமல் அழுகிறது. இன்று அவன் அதை ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிச் சுவருக்கு நேராக ஆட்டினான். "நீயா நிறுத்துறியா, நான் நிறுத்தட்டுமா?" குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தது. சிரித்ததால் பிழைத்தது. கட்டிலில் வீசிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான்.

நான் இஸ்திரிப்பெட்டியைச் சூடு பண்ணினேன். அவன் சட்டையைத் தேய்க்கத்தான். நன்றாகச் சூடேறியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் தலைமாட்டில் நின்றேன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். அம்மா செத்த பிறகு என் பக்கத்தில் அப்படித்தான் தூங்குவான். காதுக்குக் கீழே அம்மைத் தழும்பு. அந்தக் காய்ச்சலில் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஈரத் துணி மாற்றியவள் நான். இந்தப் பிள்ளையை வளர்த்தவள் நான். வேறு யாரைப் போய்க் குற்றம் சொல்வது?

பெட்டியின் அனல் அவன் கன்னத்தில் பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் திரும்பிப் போய்ச் சட்டையைத் தேய்த்து மாட்டிவைத்தேன்.

கையாலாகாதவள்.

டிசம்பர் 28

மாசில்லாக் குழந்தைகளின் திருநாள். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடி, ஏரோது ராஜாவின் ஆட்கள் பச்சைப் பிள்ளைகளை வெட்டிப் போட்ட நாள்.

அவன் கடைக்குப் போனதும் தம்பி மனைவியையும் குழந்தையையும் சலவைக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். கஞ்சியிடம் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை, தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள், போதும். வெளியூர் ஆஸ்பத்திரிக்குத் துணி கொண்டுபோகும் வேனில் மூட்டைகளை விலக்கி இடம் பண்ணினாள். அங்கே அவள் தங்கை வீடு இருக்கிறது. தங்கையும் அதே ஆஸ்பத்திரிச் சலவையில்தான்.

"உங்க குட்டிச் சாமியவும் அந்த ராஜாவுக்குப் பயந்து கழுதையில ஏத்தித்தானே ஓட்டிட்டுப் போனாங்க? நம்மகிட்ட வேனே இருக்கு, பயப்படாம ஏறும்மா" என்றாள் கஞ்சி. அவளுக்கு வேறு சாமி. ஆனால் எங்கள் கதை எங்களைவிட நன்றாகத் தெரியும்.

தம்பி மனைவி ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல் போன இடத்தில் காற்று புகுந்து பேச்சு குழறியது. "அண்ணி, இடத்த அவர்கிட்ட சொல்லிட மாட்டீங்களே?"

"என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்."

சொல்வது எவ்வளவு சுலபம்.

டிசம்பர் 29

கொல்லவில்லை. மற்றதெல்லாம் செய்தான். தொட்டிலை ஒடித்தான். டயர் நெம்புகிற இரும்புப் பட்டையைக் கொண்டுவந்து குடிலை அடித்து நொறுக்கினான். மாதா தலை ஒரு மூலை, சூசையப்பர் கால் ஒரு மூலை. என் முதுகிலும் அதே இரும்பு. குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். தெரியாது, தெரியாது, தெரியாது. இது ஒன்றுதான் சொன்னேன்.

ஜனவரி 1

அழுகிறான். என் காலைக் கட்டிக்கொண்டு, மூக்குச்சளி ஒழுக அழுகிறான். சுரூபத் துண்டுகளைப் பொறுக்கிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான். மாதாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்து, யாரையோ சந்தேகமாகப் பார்ப்பதுபோல் ஒட்டியிருக்கிறது.

ஜனவரி 3

தினமும் பூசைக்குப் போகிறான். குடிப்பதில்லை. இன்று எனக்கு முதுகுக்கு மருந்து வாங்கி வந்து தடவிவிட்டான். அடித்தவனே தடவுகிறான், நானும் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். தடவிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "இடத்த மட்டும் சொல்லுக்கா. கூப்பிட மாட்டேன், சண்ட போட மாட்டேன். நானும் போய் புள்ளைய ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

பங்குச் சாமியாரும் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "ஆளே மாறிட்டான்மா. குடும்பம்னா நாலும் இருக்கும். மன்னிப்புக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே." நல்ல மனுஷர். அவர் முன்னால் யாரும் இரும்பைத் தூக்குவதில்லை, அதுதான் அவர் கஷ்டம்.

ஜனவரி 4

தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். எல்லாம் சொன்னேன். "நீங்க நம்புனா சொல்லுங்க அண்ணி. உங்களை நம்பித்தான் வேன்ல ஏறினேன்" என்றாள்.

என் தலையில் இறக்கி வைத்துவிட்டாள். நான் நம்புகிறேனா? நம்ப வேண்டும்போல் இருக்கிறது. எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்கச் சொன்னவரை வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவைதான் கணக்குப் பார்ப்பது? அவன் கண்ணீர் பொய்யாகவா இருக்கும்? நான் வளர்த்த பிள்ளை.

மூவரசர் திருநாள் பூசை முடிந்ததும் சொல்கிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஜனவரி 6

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். எனக்குப் புரிந்தால் போதும்.

பூசையில் அவன் என் பக்கத்தில். புதுச் சட்டை. நற்செய்தி வாசித்தார்கள். வருடா வருடம் கேட்கிற வாசகம். குழந்தை இயேசுவைத் தேடி மூன்று ஞானிகள் வருகிறார்கள், ஏரோது அவர்களை ரகசியமாய் அழைக்கிறான், விசாரிக்கிறான். குழந்தையைக் கண்டதும் எனக்கும் வந்து சொல்லுங்கள், நானும் போய் அதை வணங்க வேண்டும் என்கிறான்.

நானும் போய்.

என் முதுகில் மருந்து தடவிய இடமெல்லாம் சில்லிட்டது. நானும் போய் புள்ளைய ஒரு தடவ. ஏரோது அதைக் கத்திச் சொல்லியிருக்க மாட்டான். மெதுவாகத்தான் சொல்லியிருப்பான். கண் கலங்கியிருந்தாலும் இருக்கும். அந்த ஞானிகளுக்கு மட்டும் என்ன தெரியும்? அவன் கையில் கத்தியையா பார்த்தார்கள்? ஒரு கனவு கண்டார்கள், வேறு வழியாய்ப் போய்விட்டார்கள். நாளைக்குத் தங்களைப் பொய்யர்கள் என்பார்களே என்று உட்கார்ந்து யோசிக்கவில்லை. திரும்பித் தம்பியைப் பார்த்தேன். கையைக் குவித்துக்கொண்டு பக்தியாய் நின்றான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும், "சொல்லுக்கா" என்றான்.

"சொல்ல மாட்டேன்."

முதலில் அழுதான். கால் பிடித்தான். "நான் மாறிட்டேன்க்கா, உனக்குக்கூடவா தெரியல?" நான் மறுபடியும் சொல்ல மாட்டேன் என்றேன். அழுகை குழாயை மூடின மாதிரி நின்றது.

"சொல்லுடி."

டி. நான் சோறூட்டி வளர்த்த வாய்.

என் வலது கையைப் பிடித்து, ஈரப் போர்வையைப் பிழிகிற மாதிரி பிழிந்தான். "அவ வாயில மிச்சம் இருக்கிற பல்லையும் கழட்டி எடுத்துட்டுத்தான் வருவேன். எங்க இருக்கா? எங்கடி இருக்கா?" உள்ளே ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் கத்தினேன். ஊர் பேர் மட்டும் வாயில் வரவில்லை. வரவிடவில்லை. சுவரில் என் தலையை மோதினான், வயிற்றில் மிதித்தான், ஒட்டவைத்த மாதாவை எடுத்து என் மேல் எறிந்தான். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்.

நான் ஆண்டவரிடம் கேட்டது அவன் கை. முறிந்தது என் கை. சரி, அவர் கணக்கு அவருக்கு.

ஜனவரி 7

ஆஸ்பத்திரி. இத்தனை வருடம் துவைத்த விரிப்பில் இப்போது நானே படுத்திருக்கிறேன். முழங்கைக்கு அருகில் பழுப்பாய் ஒரு கறை. புதுப்பெண் வேகவைத்த கறை. வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

கட்டுப் போட்ட டாக்டர், குனிந்து எழுதிக்கொண்டே, "வழுக்கி விழுந்தீங்களா?" என்றார். எல்லாப் பெண்களும் வழுக்கித்தான் விழுகிறார்கள்போல.

"இல்ல டாக்டர். என் தம்பி முறிச்சான். அதையே எழுதுங்க."

போலீசிலும் அதையே சொன்னேன். கையெழுத்துப் போட முடியவில்லை, இடது கைப் பெருவிரலை வைத்தேன்.

ஜனவரி 9

அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு சட்டை கொடுத்தனுப்பினேன். தேய்க்க முடியவில்லை.

ஜனவரி 19

ஜாமீனில் வந்துவிட்டான். நான் வீட்டுப் பக்கமே போகவில்லை, கஞ்சியோடு இருக்கிறேன். வெளியூர்ச் சலவையில் எனக்கு இடம் கேட்டிருந்தோம், கிடைத்துவிட்டது. ஒரு கையால் துணி மடிக்கிற வேலை.

இன்று புறப்பாடு. வேனில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி முன்வாசலில் தம்பி நிற்கிறான் என்று காவல்காரர் வந்து சொன்னார். மூட்டை இடுக்கு வழியாகப் பார்த்தேன். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது, இந்தத் தடவை சொந்தத் தாடி. கையில் ஒரு மிட்டாய்ப் பொட்டலம். கேட்டில் வருகிற போகிற முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்வாசல் வழியா விடுங்க" என்றாள் கஞ்சி டிரைவரிடம். "பொணமும் அழுக்குத் துணியும் போற வழிதான். நமக்கென்ன, நாமளும் அழுக்குத் துணிதானே." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் விலா வலிக்கிறது.

ஞானிகள் வேறு வழியாய்ப் போனது சுலபம். ஏரோது அவர்களுக்கு யாரோ. அவனுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாளா என்று நற்செய்தியில் இல்லை. இருந்திருந்தால், அவன் வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் எங்கே இருந்தாள்?

வண்டி திரும்பும்போது, காலையில் சாப்பிட்டிருப்பானா என்று நினைத்தேன். நினைத்தேன், இல்லை என்று எழுத மாட்டேன். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.