சத்தம் வருது, படம் வரலை

அன்பு வாலுவுக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்ததாக அப்பா சொன்னாரே, அது பொய். நான் டிவி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தேன். தலை போன வழியில் இடுப்பு வரவில்லை. உன் அப்பா கை கொடுக்காமல், "கொஞ்ச நேரம் அப்படியே இரு, வீடு அமைதியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுக்கப் போனார்.

அங்கே எனக்கு என்ன வேலை என்பாய். போன வாரம் நீ அழுதுகொண்டே, "மேனேஜர் தினமும் கத்தறார், புரோகிராம் எழுதறது எனக்கு வராதும்மா, வேலைய விட்டுடறேன்" என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலையை விடுவதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம், அதில் மூக்கை நுழைக்க மாட்டேன். ஆனால் வராது என்றாய் பார், அதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் நீயே எழுதின விளையாட்டு கேசட்டில் இருக்கிறது, அதை ஓட்டிப் படம் பிடித்து உனக்கு அனுப்பியே தீருவது என்று, பரணில் கிடந்த உன் பழைய கம்ப்யூட்டரை இறக்கினேன். கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கின, டிவியில் மாட்டுகிற அதே பெட்டிதான். மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது, டிவி மட்டும் கன்னங்கரேல். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், பெட்டியைப் பீப் என்று கத்த வைக்கிற வரி, அது விரலிலேயே இருந்தது. தட்டினேன், கத்தியது! உள்ளே உயிர் இருக்கிறது, மூஞ்சிதான் தெரியவில்லை.

அப்பா உதவுகிறேன் என்று வந்து, வயரை மாற்றி, சேனலைத் திருகி, பிளக்கைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகி, எல்லாம் ஒரே மூச்சில் செய்துவிட்டு, "செத்துப் போச்சு, காயலாங்கடையில போடு" என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் தையல் கம்பெனியில் மிஷின் தையல் விட்டால் முதலில் ஊசியை மட்டும் மாற்றுவோம், அப்புறம் நூலை மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் குற்றவாளி யார் என்று எப்படித் தெரியும்? அவரை நாற்காலியில் உட்கார வைத்து, "கை வச்சீங்கன்னா டீ கிடையாது" என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவின் பழைய வீடியோ பிளேயரை அதே வயரில் மாட்டினேன், படம் வந்தது, ஆக டிவியும் வயரும் நிரபராதி. மறுபடி கம்ப்யூட்டரை மாட்டிச் சேனலைத் துளித்துளியாகத் திருகினேன், ஒன்றுமில்லை. மிச்சம் பெட்டியின் பின்னால் வயர் நுழைகிற இடம்தான். அதைப் பார்க்கத்தான் சுவரோரம் நுழைந்தேன். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்தே பார்த்திருக்கலாம், அது வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. நான் திமிறின திமிறலில் வயர் ஆடியிருக்கிறது, போனை வைத்துவிட்டு வந்த அப்பா, "ஏய், என்னமோ மின்னிச்சுடி!" என்று கத்தினார். பிடித்துவிட்டேன் திருடனை.

ரேடியோக்கடை அண்ணனிடம் கொண்டுபோனால், "இதையெல்லாம் இப்ப யாரும்மா..." என்று இழுத்தார். வயர் நுழைகிற இடத்தில் விரலை வைத்து, "இங்க மட்டும் பாருங்கண்ணே" என்றேன். உள்ளே பற்றவைத்த ஈயம் விரிசல் விட்டிருந்தது, சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினதும் திரை பளிச்சென்று வந்தது பார், அப்பாவே எழுந்து நின்றுவிட்டார். கேசட் கீச்சுக்கீச்சென்று கத்தி, விளையாட்டைப் பெட்டிக்குள் ஏற்றி முடித்ததும் உன் குச்சி மனுஷி வந்தாள். நடக்கிறாள், கதவில் முட்டி விழுகிறாள், எழுந்து மறுபடி முட்டுகிறாள். கதவைத் திறக்க உனக்கு அன்றைக்குத் தெரியவில்லை போல. ஆனால் விழுந்தவளை எழுப்பிவிட எழுதினது யார், நானா? படம் இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துவிட்டு, வராது என்று இன்னொரு தரம் சொல், வந்து காதைத் திருகுகிறேன். அந்த மேனேஜர் கத்தினால் கத்தட்டும், எது கெட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார், உன் அப்பா மாதிரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதே.

மனசும் உடம்பும் தெம்பாக நீ நல்லா இருக்கணும் கண்ணே. கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடியை மாற்று, தள்ளிப் போடாதே.

நீ வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்,
உன் அம்மா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது அப்பா, தானும் திரையை ஒரு படம் எடுக்கிறேன் என்று பின்பக்கமாகவே நடந்தார். கால் வயரில் சிக்கி டிவி கீழே விழுந்து உடைந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. அப்பா இன்று செய்தி நேரத்துக்கு வழக்கம்போல் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, டிவி இல்லாத மேசையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.