பாட்டு முடிந்த பிறகும் ஓடிய டேப்

பிராங்ஸ், நியூயார்க்
1989 ஏப்ரல் 9

அடியே வனெட்டா,

ஒஹையோவில் புல்தரை வைத்த வீட்டுக்குப் போனதும் எங்களை மறந்துவிட்டாயா? சித்தப்பா உங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையோடு சரி. உன்னிடம் சண்டை போட எனக்கு நிறைய இருக்கிறது, ஆனால் இப்போது நேரமில்லை. நம் தெருவில் ராப் பாட்டுக்குப் படம் பிடித்தார்கள்! டுவைட் அண்ணனும் ஆடினான். இடது காலை இழுத்து இழுத்துச் சுழல்வானே, அதே ஆட்டம்தான். அதைப் பார்த்த இயக்குநர், "மத்தவங்க எல்லாம் ஓரம் போங்கப்பா, இவன் மட்டும் ஆடட்டும்" என்று சொல்லிவிட்டார். எந்தக் காலை வைத்து ஊர் இவனைக் கேலி செய்ததோ, அந்தக் காலுக்காகவே கேமரா தரையில் படுத்துக் கிடந்தது.

பாட்டு இப்போது தினமும் சாயங்காலம் டிவியில் வருகிறதாம். ஆனால் கூத்தைப் பார், எங்கள் தெருவுக்கு இன்னும் கேபிள் வரவில்லை. எங்கள் வாசலில் எடுத்ததை எங்களைத் தவிர ஊரே பார்க்கிறது. உன் வீட்டில் கேபிள் இருக்கிறதே, வீடியோ டேப்பில் பதிந்து அனுப்புடி. அம்மா அதற்குள் தேவாலயத்தில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டாள். மானத்தைக் காப்பாற்று.

உன் ரோஷெல்


ஒஹையோ
ஏப்ரல் 21

அன்பு ரோஷெல்,

கோபம் போகட்டும், டேப் இதோடு வருகிறது. பெரியம்மா முகம் எப்படி இருந்தது என்று மறக்காமல் எழுது.

இங்கே பள்ளியில் கறுப்புப் பிள்ளை நான் ஒருத்திதான். ஆனால் மணி அடித்ததும் சோளக்குஞ்சம் போல மஞ்சள் முடி வைத்த இந்த வெள்ளைக்காரப் பையன்கள் வீட்டுக்கு ஓடுவது எதற்கு என்கிறாய்? ராப் நிகழ்ச்சி பார்க்கத்தான். போன வருஷம் சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் ஒரு ஈ கூட உட்காராது. இப்போது, "வனெட்டா, இதுக்கு என்ன அர்த்தம்? அவன் அந்தக் காலை எப்படிப் போடுறான்?" என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள். பிராங்ஸில் பிறந்தேன் என்பதே எனக்கு இங்கே பெரிய பட்டம்!

புது டேப் வாங்க நேரமில்லை. கைக்குக் கிடைத்த பழைய டேப்பில், முதலிலிருந்து பாட்டைப் பதிந்துவிட்டேன். அண்ணனுக்கு என் முத்தம்.

உன் வனெட்டா


பிராங்ஸ்
மே 2

வனெட்டா,

டேப் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் நம் வீட்டில் கூடினார்கள். எதிர்வீட்டு ஃபிகரோவா அம்மா, தன் மகன் வாங்கித் தந்த, வீடியோ டேப் ஓட்டும் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அம்மா கோழி பொரித்திருந்தாள். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு சுவரோரம் வெட்கப்பட்டு நின்றான்.

பாட்டு ஓடியது. திரையில் அண்ணன் வந்ததும் சிஸ்டர் பெர்னிஸ் எழுந்து, "கர்த்தருக்குத் தோத்திரம்! பாருங்கய்யா, எங்க பையன்!" என்று கத்தினாள். பாட்டு முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. பெட்டியை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

திடீரென்று யார் வீட்டுக் கூடமோ வந்தது. ஏதோ வேஷப் போட்டி. ஒரு வெள்ளைக்காரப் பையன், முகமெல்லாம் கரி, உதட்டைச் சுற்றிச் சிவப்புப் பூச்சு; நம்மைக் கேலி செய்ய வெள்ளைக்காரர்கள் பழைய நாடகங்களில் போடுவார்களே, அதே வேஷம். அண்ணன் போட்டிருந்த மாதிரியே தொப்பி. காலை இழுத்து இழுத்து ஆடுகிறான், சுற்றி ஒரே சிரிப்பு. அப்போதுதான் கேமராவுக்குப் பின்னால் இருந்து உன் குரல் கேட்டது.

"அது இல்லடா க்ரெய்க், இடது கால்! இன்னும் நல்லா நொண்டு. அவன் அப்படித்தான் நொண்டுவான்."

கூடவே உன் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அம்மா நீட்டிய தட்டு அந்தரத்தில் நின்றது. அண்ணன் மட்டும்தான் பேசினான். "சரியா போடுறான்மா. நல்லா சொல்லிக் குடுத்திருக்கா." அவனே போய்ப் பெட்டியை அணைத்தான். அந்த அறையைக் கடந்து அவன் நடந்தபோது அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கரி பூசியவனை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும். அண்ணன் மாடியிலிருந்து விழுந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் என்னைவிட அதிகம் அழுதவள் நீ. எப்படிடி மனசு வந்தது?

ரோஷெல்


ஒஹையோ
மே 9

ரோஷெல்,

போன் செய்தால் பெரியம்மா என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். இதையாவது கிழிக்காமல் படி. அந்த வேஷப் போட்டியை நான் படம் பிடித்தது அதே டேப்பில்தான் என்பதை மறந்து அனுப்பிவிட்டேன்.

க்ரெய்க் அந்த முகத்தோடு வந்தபோது எனக்கும் பகீரென்றது, சத்தியம். அவனை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சிரிக்கிறேனா என்று காத்திருந்தார்கள். சிரிக்காவிட்டால் மறுநாளே பழைய மேசை, பழைய தனிமை. சிரித்துவிட்டேன். சிரித்ததும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், அந்தச் சந்தோஷத்தில் இன்னும் சிரித்தேன். நீ இங்கே ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

பாட்டில் ஆடுகிறவன் என் அண்ணன் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் சொல்லவேயில்லை. நாளைக்கே சொல்கிறேன். அண்ணனின் அடுத்த பாட்டைப் புத்தம்புது டேப்பில் பதிந்து அனுப்புகிறேன். ஒரு வரி எழுது, திட்டியாவது எழுது.

வனெட்டா


பிராங்ஸ்
ஜூலை 17

வனெட்டாவுக்கு,

உன் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். "பாவம், தனியா மாட்டிக்கிட்டா" என்றான். அவன் மன்னித்துவிட்டான். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை.

அடுத்த பாட்டுக்கு இயக்குநர் ஆள் அனுப்பினார். "காலு வலிக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டான். நேற்று தேவாலயத்துக்குப் போகும்போது அவன் பின்னால் வந்தேன். காலை இழுக்காமல் நடக்கப் பார்க்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டை முதுகெல்லாம் வியர்த்து, தெருமுனை வரை அப்படியே நடந்தான். விழுந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவன் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

போன வாரம் எங்கள் தெருவுக்கும் கேபிள் வந்துவிட்டது. இனி நீ எதையும் பதிந்து அனுப்ப வேண்டாம்.

ரோஷெல்