ஒரு வரியை எடுக்கச் சொன்னார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மறக்காமல் மாத்திரை போடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்படாதீர்கள். வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து ஒரு சந்தைக் கட்டடத்துக்கு எங்கள் அலுவலகம் பணம் தருகிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்குச் சாய்தளம் வேண்டும், ஆற்றோரக் குடியிருப்புப் பெண்களுக்கும் கடை வேண்டும் என்பது நிபந்தனை. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.

செவ்வாயன்று மேலாளர், "சாய்தளம்னா வரைபடத்தையே மாத்தணும். அந்த வரிய எடுத்துடும்மா," என்றார்.

"எடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்," என்றேன்.

அன்றைக்கே மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம், மாடியில். லிஃப்ட் பழுது. சக்கர நாற்காலியில் வந்த காய்கறிக்கார அக்கா கீழேயே மாட்டிக்கொண்டார். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முணுமுணுத்தபடி எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

அக்கா மேலாளரை நிமிர்ந்து பார்த்தார். "எங்க வரிப்பணம் உள்ள வரலாம், நாங்க வரக்கூடாதா?"

மேலாளர், "சரி, அந்த வரி இருக்கட்டும்," என்றார். நிபந்தனை அப்படியே இருக்கிறது.

மேலாளர் மட்டும் என்னோடு பேசுவதில்லை. என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிப்பது அவர் கையில். அதெல்லாம் ஒன்றுமில்லை. என் பட்டச் சான்றிதழ்களைப் பதிவுத் தபாலில் அனுப்பிவையுங்கள், கைவசம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவைக் கொஞ்சம் நிறையப் பேசச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சண்டையானாலும் சரி.

மேலாளர் கூப்பிடுகிறார், போகிறேன். நீங்களாக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள்தானே அப்பா?

உங்கள் மகள்