பரங்கிக்குத் தூளி

மார்கழி 16, புதன்

விடியலில் பனி. உப்பளம் முழுக்க இன்னும் மழைத் தண்ணீர். தை பிறந்து வற்றினால்தான் எனக்கு மேஸ்திரி வேலை. அதுவரை பரங்கிக்கொடிதான் முதலாளி.

என்ன கொடி இது! எங்கள் வீட்டு மண்ணில் கீரைகூட வராது, அவ்வளவு உப்பு. ஹாலோ பிளாக் அடுக்கி, பிரம்மதேசத்து ஏரி வண்டலும் சாணியெருவும் கொட்டி, முழங்கால் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டியபோது தெருவே சிரித்தது. இப்போது கொடி, சவுக்குக் கழிகளில் கட்டிய பழைய மீன் வலையைப் பிடித்து ஆளுயரம் தாண்டிவிட்டது. சுருள் ஒவ்வொன்றும் வலைக்கண்ணை இரண்டு சுற்று சுற்றி, இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் மேலே போகிறது. என் ஆட்களில் ஒருத்தனுக்கும் இந்த நிதானம் கிடையாது.

காய் நான்கு. மூன்று இடுப்பளவு உயரம். பெரியது உச்சியில், குடத்தளவு.

கோலத்தில் வைக்கப் பூ கேட்டுத் தெருப் பெண்கள். ஆண்பூ மட்டும் கொடுத்தேன்.

மீன்காரம்மா வந்தாள். வலை அவள் வீட்டுக்காரருடையது. "மீனு மாட்டற வலையில பரங்கிக்கா மாட்டவெச்சிட்டியே மேஸ்திரி!" அவளுக்கு ஒரு காய் தர வேண்டும்.

வாங்க: வேப்பெண்ணெய், சணல், பிரஷர் மாத்திரை.

மார்கழி 18, வெள்ளி

கடற்காற்று. பெரிய காய் ஆடுகிறது, காம்பு பாவம். வசந்தாவிடம் சொன்னேன். என் மனைவிக்கு யோசிக்க ஒரு நிமிஷம் போதும். பழைய நூல்புடவையை நீளமாகக் கிழித்து, காயை அதில் உட்கார வைத்து, இரண்டு முனையையும் மேல் கழியில் கட்டிவிட்டாள். நான்குக்கும் நான்கு. காம்பில் பாரமே இல்லை. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும் இவளைப் பாராட்டி முடியவில்லை. வாய்விட்டுச் சொன்னால், "காபி வேணும்னா நேரா கேளுங்க" என்கிறாள்.

மார்கழி 19, சனி

மீன்காரம்மா கூடையை இறக்காமலே பந்தலைப் பார்த்தாள். "இன்னா மேஸ்திரி, வூட்ல விசேஷமா? இத்தினி தூளி தொங்குது!"

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவளுக்கு விஷயம் தெரியாது. வசந்தா மீன் வாங்காமலே உள்ளே போய்விட்டாள்.

தேவி எங்களுக்கு ஒரே மகள். வானூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஐப்பசியில் அவளுக்குக் கலைந்துவிட்டது. ஐந்தாம் மாதம். அதற்கப்புறம் இங்கே வரவேயில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போதுதான் வரும் வியாழன் வருகிறேன் என்றிருக்கிறாள், பொங்கல் வரை இருக்க. கேட்டைத் திறந்ததும் கண்ணில் படப்போவது இந்தப் பந்தல்.

மார்கழி 22, செவ்வாய்

தூளிகளை எடுத்துவிட்டேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, அறுத்தேன். வசந்தா துணிகளை வாங்கி மடித்தாள்.

கீழ்க் காய்கள் மூன்றுக்கும் பெயிண்ட் டப்பா கவிழ்த்து முட்டு. பெரியதற்கு எட்டவில்லை. கழி நுனியில் பலகை அடித்து நிறுத்தினேன். காற்றில் சரிந்தது. மறுபடி நிறுத்தினேன், மறுபடி சரிந்தது. போனால் போகட்டும், காய்தானே. அப்படிச் சொல்லிக்கொண்டு, போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மார்கழி 24, வியாழன்

தேவி வந்தாள். மாப்பிள்ளை பைக்கில் இறக்கிவிட்டு, டீ குடித்துக் கிளம்பிவிட்டார். இளைத்திருக்கிறாள். நெத்திலிக் குழம்பு அவளுக்கு உயிர். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். வசந்தா சீரியல் கதை சொன்னாள். நான் உப்பு விலையைச் சொன்னேன். மடையன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

காற்று பலம்.

மார்கழி 25, வெள்ளி

காற்று நிற்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டே தேவி பந்தலடியில் போய் நின்றாள். பெரிய காயின் காம்பில் கீறல். தண்ணீராகக் கசிகிறது.

"ஏம்பா, இத இப்பிடியா அந்தரத்துல வுடுவ? இன்னிக்கே அறுந்துடும்."

"பாத்துக்கலாம்மா."

அண்ணாந்து பார்த்தாள். நான் அறுத்த துணியின் முடிச்சுகள் மேல் கழியிலேயே இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் என்னை.

"எனக்கோசரமா எடுத்துட்ட?"

தலையாட்டினேன்.

உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம். "அது வேணாம்டி, அது வேணாம்" என்று வசந்தா. வெளியே வந்தபோது தேவி கையில் என் பழைய வேட்டி. பிறக்கப் போகிற குழந்தைக்குத் தூளி கட்ட என்று புரட்டாசியில் வசந்தா துவைத்து மடித்து வைத்தது. ஐப்பசிக்கு அப்புறம் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

"சும்மா பீரோல கெடந்து என்ன பண்ணப் போவுது? ஸ்டூல எடுத்துனு வா. நீ அடியில கையக் குடுத்துத் தூக்கிப் பிடி. நான் சொல்றவரைக்கும் வுட்றாத."

பிடித்தேன். நினைத்ததைவிடக் கனம். அவள் ஸ்டூலில் ஏறி, வேட்டியைக் காய்க்கு அடியில் விட்டு, சுருக்கம் நீவி, மேல் கழியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். அழுதேன். இரண்டு கையும் காயில், கண்ணைத் துடைக்க வழியில்லை.

"இப்ப வுடுப்பா."

விட்டேன். தாங்கியது.

மார்கழி 26, சனி

காற்று குறைந்திருக்கிறது. காய் இருக்கிறது. தேவி மற்ற மூன்றுக்கும் அம்மா மடித்து வைத்திருந்த புடவைத் துணியைக் கட்டினாள். முனையைப் பிடித்துக்கொண்டு நான். கட்டிக்கொண்டே சொன்னாள்: "அங்கயும் எல்லாத்தையும் எங்கிட்டேர்ந்து ஒளிச்சி வெக்கிறாங்கப்பா. யாரும் எதுவும் கேக்கறதில்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி. இங்கயாச்சும் வேணாம்."

என்ன தைரியம் என் பெண்ணுக்கு. எனக்கு இந்த வயசிலும் அதில் பாதி இல்லை.

இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். என்ன குழந்தைம்மா?

"பொண்ணுப்பா" என்றாள்.