அழித்ததாக எழுதிய மாத்திரைகள்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன், கை வரவில்லை. அம்மா நலம். கண் அறுவைக்குப் பிறகு செய்தித்தாளை அவளே படிக்கிறாள். அதுதான் வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்த உன் கட்டுரையை வரி விடாமல் படித்து, வெட்டி, அலமாரிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். "பெரியவன் நம்ம சின்னவன மறக்கல பாரு" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கஞ்சாவிலிருந்து ஹெராயின் வரை எல்லாப் போதைப்பொருளையும் சட்டப்படி அனுமதித்து, அளவு கட்டி, அரசு மேற்பார்வையில் விற்க வேண்டும் என்று நீ எழுதியிருப்பது அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை சட்டக் குழுவின் முன் பேசப் போகிறாயாம். அங்கேயும் செத்துப்போன நம் சின்னவன் கதையைத்தான் முதலில் சொல்வாய் என்று உன் மனைவி பெருமையாகச் சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அவன் இருந்தபோது எத்தனை தடவை எட்டிப் பார்த்தாய்? லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் விழுந்து முதுகு போனபோது ஒரு தடவை, எடுத்துப் போகும்போது ஒரு தடவை. நடுவில் நான்கு வருஷம். டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தியதும், அவன் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஹெராயின் பவுடர் வாங்க ஆரம்பித்ததும், இரண்டு தடவை மறுவாழ்வு மையத்தில் சேர்த்ததும் உனக்கு வெறும் போன் செய்தி. இப்போது வாய் கிழியப் பேச அவன் வேண்டியிருக்கிறது.

'அளந்து கொடுக்க ஒரு கடை இருந்திருந்தால் என் தம்பி இன்று உயிரோடு இருந்திருப்பான்' என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடை இருந்தது. பதினோரு மாதம் நடந்தது. என் மருந்துக்கடைதான் அது.

உட்கார்ந்து படி. புற்றுநோயாளி இறந்துபோன வீடுகளிலிருந்து மிச்சமான வலி மாத்திரைகளைக் கடையில் திருப்பிக் கொடுப்பார்கள். அவற்றை அழித்துவிட்டு, அழித்ததாகப் பதிவேட்டில் நானும் என் உதவியாளரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மாள் என்னை நம்பி, பார்க்காமலே போட்டுவிடுவார். நான் அழிக்கவில்லை. எடுத்து வைத்துக்கொண்டேன்.

காலை எட்டரைக்கு, கடை திறக்கும் முன், சின்னவன் பின்வாசல் வழியாக வருவான். என் கண்ணெதிரே விழுங்குவான். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். காட்டிவிட்டு, திருப்தியா மேடம் என்று கேலி செய்வான். திரும்ப வேலைக்குப் போனான், தெரியுமா? தினமும் சவரம் செய்துகொண்டான். அம்மாவைக் கண் அறுவைக்கு அழைத்துப் போனது அவன்தான், நீ இல்லை.

உடனே பேனாவை எடுக்காதே. இதையும் கேள். அதற்கு முன் அவன் இரண்டு தடவை போதையை விடப் பார்த்தவன். நான் கொடுக்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவைகூட விடப் பார்க்கவில்லை. குறைக்கலாமா என்று கேட்டால் அடுத்த மாதம் என்பான். நானும் தலையாட்டுவேன். அக்காவே கொடுக்கும்போது எதற்கு விட வேண்டும்? அரசாங்கமே கடை திறந்தால் மட்டும் விட்டுக் கிழித்துவிடுவார்களா?

பிறகு ஒரு நாள் மருந்து ஆய்வாளர் வந்தார். திரும்பி வரும் மாத்திரைகளை இனிமேல் அவர் முன்னால்தான் அழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். உரிமம் போகும், ஜெயிலுக்குக்கூடப் போக நேரும். கையிலிருந்த மிச்சத்தை அன்றைக்கே அழித்தேன். மறுநாள் காலை, இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அவனிடம் சொன்னேன். அவன் கத்தவில்லை, கெஞ்சவில்லை. "சரிக்கா, நீ மாட்டிக்காத" என்றான். நான்காம் நாள் பழைய இடத்தில் பொட்டலம் வாங்கியிருக்கிறான். அதில் என்ன கலந்திருந்ததோ. வேலைக்குப் போன கட்டடத்தின் மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் கிடந்தான்.

நீ எழுதியது முழுப் பொய்யாக இருந்தால் துப்பிவிட்டுப் போயிருப்பேன். பாதி உண்மை. அதனால்தான் உன்மேல் இவ்வளவு ஆத்திரம். 'குடும்பத்தில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை' என்றும் எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தது. கொடுக்கவும் தெரிந்தது, பயந்துபோய் நிறுத்தவும் தெரிந்தது.

உன் சட்டம் வந்தாலும் சரி, வராமல் போனாலும் சரி, வியாழக்கிழமை அவனைப் பற்றிப் பேசாதே. பேசித்தான் ஆவாய் என்றால் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டு. உரிமம் போனால் போகட்டும். உனக்குச் சாதகமான பாதியை மட்டும் படித்தாயானால் உன்னைத் தலைமுழுகிவிடுவேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன், அதில் மூக்கை நுழைக்காதே.

நீ சட்டம் படித்தவன். நான் கொடுத்ததால் போனானா, நிறுத்தியதால் போனானா என்று எனக்கு ஒரு வரி எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்றாவது எழுது.

உன் பிள்ளைகள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். அவர்களுக்கு எங்கேயாவது வலித்தால் என்னிடம் மாத்திரை கேட்காதே.

உன் அக்கா